புளோரிடாவில் வீடு வாங்கும் முன்: புயல் காப்பீட்டுச் செலவைக் கணக்கிடுவது எப்படி

வேலை மாறி புளோரிடாவுக்கு வந்து, கொஞ்ச காலம் வாடகையில் இருந்துவிட்டு, இப்போது சொந்த வீடு தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வட மாநிலங்களில் ஏற்கெனவே வீடு வாங்கி விற்றவர்களும் படியுங்கள். காப்பீட்டு விஷயத்தில் அந்த அனுபவம் இங்கே கைகொடுக்காது. அங்கெல்லாம் கடன், வட்டி, வீட்டு வரி எல்லாம் முடிந்தபிறகு, கடைசி வாரத்தில் ஒரு ஏஜென்ட்டைக் கூப்பிட்டுக் காப்பீடு எடுத்துக்கொள்வார்கள். இங்கே அந்த வரிசை சரிப்படாது. காப்பீடு எவ்வளவு என்று தெரியாதவரை அந்த வீடு உங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்பதே தெரியாது.

டாம்பா பக்கம் நாங்கள் வீடு தேடியபோது, ரியல் எஸ்டேட் தளங்கள் காட்டிய மாதக் காப்பீட்டு மதிப்பீட்டுக்கும் ஏஜென்ட் அனுப்பிய கோட்டுக்கும் (நிறுவனம் கேட்கும் பிரீமிய விவரத் தாள்) சம்பந்தமே இல்லை. ஒரே தெரு, கிட்டத்தட்ட ஒரே சதுர அடி. ஆனால் ஒரு வீட்டின் பிரீமியம் இன்னொன்றைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. காரணம் கூரையும் அந்தக் கூரைக்கான தாள்களும்தான். அது புரிவதற்குள் நிறைய அலைய வேண்டியிருந்தது. நாங்கள் தெரிந்துகொண்டதைப் படிப்படியாகத் தருகிறேன்.

1. முதலில் எந்தச் சேதத்துக்கு எந்த பாலிசி என்று பிரித்துக்கொள்ளுங்கள்

தனி வீட்டுக்கு வழக்கமாகக் கிடைப்பது எச்ஓ-3 பாலிசி. தீ, திருட்டு, குழாய் வெடிப்பு, புயல் காற்று ஆகியவை இதில் வரும். காண்டோ (அடுக்குமாடிக் குடியிருப்பு) வாங்கினால் எச்ஓ-6. வாடகைக்கு விடுவதற்காக வாங்கினால் டிபி-3. வாடகைக்கு விடும் எண்ணத்தை மறைத்து எச்ஓ-3 எடுக்காதீர்கள். கிளெய்ம் (இழப்பீட்டுக் கோரிக்கை) வரும் நாளில் அதையே காரணம் காட்டி மறுப்பார்கள்.

இவை எதிலும் வெள்ளம் கிடையாது. புயல் நேரத்தில் கடல் பொங்கி வீட்டுக்குள் வந்தாலும், மழைநீர் தெருவில் தேங்கி வாசல்படி ஏறினாலும், தரையிலிருந்து உயரும் தண்ணீர் எல்லாம் வெள்ளக் கணக்கில் சேரும். அதற்குத் தனி பாலிசி வேண்டும். காற்று கூரையைப் பிய்த்து அந்த வழியாக மழை உள்ளே கொட்டினால் அது வீட்டு பாலிசியில் வரும். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயலின்போது டாம்பா வளைகுடா ஓரம் காற்றைவிடக் கடல்நீர்தான் வீடுகளை அழித்தது. வீட்டு பாலிசியை மட்டும் வைத்திருந்தவர்களுக்கு அந்தத் தண்ணீருக்கு எந்த இழப்பீடும் கிடையாது.

ஹூஸ்டன், கால்வெஸ்டன் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டெக்சாஸின் 14 கரையோர மாவட்டங்களிலும் ஹாரிஸ் மாவட்டத்தின் ஒரு கிழக்குப் பகுதியிலும் புயல் காற்றுக்கே தனி பாலிசி தேவைப்படலாம். அங்கே விதிகள் வேறு. இங்கே சொல்வது புளோரிடாவுக்கு மட்டும்.

2. வீடு பிடித்த அன்றே விற்பவரிடம் கேட்க வேண்டிய தாள்கள்

விலை பேசும்போதே உங்கள் ரியல் எஸ்டேட் ஏஜென்ட் மூலம் இவற்றைக் கேளுங்கள்:

- கூரை மாற்றியதற்கான பெர்மிட் எண்ணும், அது முறையாக முடித்து வைக்கப்பட்ட தேதியும். "2016-ல் புதுக் கூரை" என்று விளம்பரத்தில் எழுதியிருந்தால் போதாது. கவுன்டி அல்லது நகராட்சியின் பெர்மிட் தளத்தில் முகவரியைப் போட்டு நீங்களே தேடலாம், செலவில்லை. பெர்மிட் இல்லையென்றால் காப்பீட்டு நிறுவனம் அதைப் பழைய கூரையாகவே எடுத்துக்கொள்ளும்.
- விண்ட் மிட்டிகேஷன் அறிக்கை, அதாவது வீடு புயல் காற்றை எவ்வளவு தாங்கும் என்ற சோதனைத் தாள். ஐந்து ஆண்டுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும்.
- 4-பாயின்ட் அறிக்கை (கூரை, மின்சாரம், குழாய், ஏசி நான்கின் நிலை) இருந்தால் அது.
- அவருடைய இப்போதைய பாலிசியின் முதல் சில பக்கங்கள், அதாவது டிக்ளரேஷன் பக்கம். அவர் கட்டும் தொகை உங்களுக்கு வராது. ஆனால் என்னென்ன தள்ளுபடி பெறுகிறார் என்று அதில் தெரியும்.
- க்ளூ அறிக்கை. அந்த வீட்டில் கடந்த ஏழு ஆண்டில் என்ன கிளெய்ம் போட்டார்கள் என்ற பட்டியல் இது. வீட்டு உரிமையாளர்தான் இதை வாங்க முடியும். வாங்கித் தரச் சொல்லுங்கள்.
- எலிவேஷன் சர்டிஃபிகேட், அதாவது வீட்டுத் தரையின் உயரத்தைக் காட்டும் சான்று. வெள்ள அபாயப் பகுதி வீடுகளுக்கு விற்பவரிடம் பெரும்பாலும் இருக்கும். இல்லையென்றால் சர்வேயர் வைத்துப் புதிதாக எடுக்கச் சில நூறு டாலர் ஆகும்.
- வெள்ள விவரப் படிவம். 2024 அக்டோபர் 1 முதல், வீடு விற்பவர் ஒப்பந்தம் போடும்போதோ அதற்கு முன்போ இதைக் கொடுத்தே ஆகவேண்டும் என்பது மாநிலச் சட்டம். வெள்ளத்துக்காகக் காப்பீட்டுக் கிளெய்ம் போட்டிருக்கிறாரா, மத்திய அரசின் உதவி வாங்கியிருக்கிறாரா என்று அதில் இருக்கும். இதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

3. கோட் எடுக்கும் காலக்கெடு

புளோரிடாவில் அதிகம் புழங்கும் 'ஆஸ் இஸ்' (வீட்டை இருக்கும் நிலையிலேயே வாங்கும்) ஒப்பந்தத்தில் இன்ஸ்பெக்‌ஷன் காலம் என்று ஒன்று உண்டு. எண் எதுவும் எழுதாமல் விட்டால் 15 நாள். போட்டி அதிகம் இருக்கும் இடங்களில் 7 அல்லது 10 நாளாகக் குறைத்துவிடுவார்கள். அந்த நாட்களுக்குள் வேண்டாம் என்று முடிவெடுத்தால் முன்பணம் திரும்ப வரும். அதைத் தாண்டியபின், காப்பீடு கட்டுப்படியாகவில்லை என்று விலகினால் முன்பணம் போகலாம்.

ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்தான மறுநாளே வீட்டுச் சோதனை, விண்ட் மிட்டிகேஷன், 4-பாயின்ட் மூன்றையும் ஒரே இன்ஸ்பெக்டரிடம் ஒரே வருகையில் வைத்துக்கொள்ளுங்கள். விண்ட் மிட்டிகேஷனும் 4-பாயின்ட்டும் பெரும்பாலும் ஒவ்வொன்றும் 75 முதல் 150 டாலர் ஆகும். சேர்த்து எடுத்தால் குறைத்துக் கொடுப்பார்கள். அறிக்கை கைக்கு வந்த அன்றே ஏஜென்ட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

ஒரே நிறுவனத்தின் பாலிசியை மட்டும் விற்கும் ஏஜென்ட்டும் உண்டு, பல நிறுவனங்களின் பாலிசிகளை விற்கும் இன்டிபென்டன்ட் ஏஜென்ட்டும் உண்டு. இரண்டாவது வகையில் குறைந்தது இரண்டு பேரிடம் கேளுங்கள். நாடு முழுக்கத் தெரிந்த பெரிய பெயர்கள் பல, புளோரிடா கரையோரத்தில் புதிதாகக் காப்பீடு கேட்கும் வீடுகளை எளிதில் எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் கார் காப்பீட்டு நிறுவனத்தையே நம்பிக் காத்திருந்தால் நாட்கள்தான் போகும். இங்கே வீட்டுக் காப்பீடு தருவதில் பெரும்பகுதி, வெளியூரில் பெயரே கேள்விப்படாத புளோரிடா நிறுவனங்கள். பெயர் தெரியவில்லை என்பதற்காக ஒதுக்காதீர்கள். ஆனால் டெமோடெக் போன்ற தர நிர்ணய நிறுவனம் 'ஏ' கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். கடன் கொடுப்பவரும் அதைக் கேட்பார். நிறுவனம் திவாலானால் ஃபிகா என்ற மாநில உத்தரவாத அமைப்பு வீட்டுக்கும் பொருட்களுக்கும் சேர்த்து 5 லட்சம் டாலர் வரை கிளெய்ம் பணம் தரும். உங்கள் வீட்டைத் திரும்பக் கட்டும் செலவு அதைவிட அதிகம் என்றால் நிறுவனத்தின் பலம் இன்னும் முக்கியம்.

இதோடு பருவத்தையும் பாருங்கள். ஹரிகேன் (கடும் புயல்) பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. பெயரிட்ட புயல் ஒன்று நெருங்கி எச்சரிக்கை வந்துவிட்டால், நிறுவனங்கள் புது பாலிசி போடுவதையே சில நாள் நிறுத்திவிடும். பணம் தயாராக இருந்தாலும் குளோசிங் (பணம் கட்டி வீட்டை உங்கள் பேருக்கு மாற்றும் நாள்) தள்ளிப்போகும். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபரில் குளோசிங் வைத்திருப்பவர்கள் இரண்டு வாரம் முன்னதாகவே பாலிசியை உறுதிசெய்து எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

4. விண்ட் மிட்டிகேஷன்: பணம் மிச்சமாகும் இடம்

இதற்கான படிவத்தின் எண் ஓஐஆர்-பி1-1802. புயல் காற்றை உங்கள் வீடு எவ்வளவு தாங்கும் என்பதைப் படத்தோடு பதிவு செய்யும் தாள் இது. இதில் இருக்கும் விவரத்துக்கு ஏற்பப் பிரீமியத்தில் காற்றுக்கான பங்கைக் குறைத்தே ஆகவேண்டும் என்று புளோரிடா சட்டம் சொல்கிறது. கரையோர வீட்டில் பிரீமியத்தின் பெரும்பங்கே காற்றுக்கானது என்பதால் தள்ளுபடி சில சமயம் ஆயிரக்கணக்கான டாலர் வரை போகும். நூறு டாலர் செலவில் இதைவிட லாபமான வேலை வீடு வாங்குவதில் வேறு இல்லை. படிவத்தில் என்ன பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு வீடு தேடினால் இன்னும் நல்லது.

கட்டிய ஆண்டு. மாநிலம் முழுவதற்குமான புளோரிடா கட்டட விதி 2002 மார்ச் 1-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் அனுமதி வாங்கிக் கட்டிய வீட்டுக்கு ஆரம்பத்திலேயே நல்ல மதிப்பு. மயாமி-டேட், பிரவர்ட் பகுதிகளில் 1992-ன் ஆண்ட்ரூ புயலுக்குப் பிறகு, 1994-லேயே கடுமையான விதி வந்துவிட்டது.

கூரையின் வடிவம். நாலு பக்கமும் சரிந்து இறங்கும் ஹிப் கூரைக்குத் தள்ளுபடி உண்டு. இரண்டு பக்கம் மட்டும் சரிந்து, மற்ற இரண்டு பக்கமும் முக்கோணச் சுவர் நிற்கும் கேபிள் கூரைக்கு இல்லை. இங்கே ஒரு நுணுக்கம்: சுற்றளவில் 10 சதவீதத்துக்கு மேல் வேறு வடிவம் இருந்தால் ஹிப் என்று எழுத முடியாது. முன்வாசலுக்கு மேல் அழகுக்காக வைத்த முக்கோண முகப்பு இந்தக் கணக்கைக் கெடுக்கலாம். இன்ஸ்பெக்டர் கண்ணால் பார்த்துச் சொல்லாமல் அளந்து எழுதினாரா என்று கேளுங்கள்.

கூரைக்கும் சுவருக்கும் உள்ள பிணைப்பு. வெறும் ஆணியைச் சாய்த்து அடித்திருந்தால் மிகக் குறைந்த மதிப்பு. உலோகக் கிளிப் இருந்தால் மேல். கட்டையின் மேலாகச் சுற்றி வரும் பட்டை இருந்தால் இன்னும் மேல். எங்கே மிகப் பலவீனமான பிணைப்பு இருக்கிறதோ அதை வைத்தே முழு வீட்டுக்கும் மதிப்புப் போடுவார்கள். கிளிப்பில் மூன்று ஆணியாவது இருக்க வேண்டும். பழைய வீடுகள் பலவற்றில் இரண்டுதான் இருக்கும். பரணுக்குள் ஆள் ஏறி மூன்றாவது ஆணியை அடித்தாலே மதிப்பு ஒரு படி உயரும். இதைச் செய்துதர ஆட்கள் இருக்கிறார்கள். வாங்கியபின் செய்து, புதிதாக ஒரு அறிக்கை எடுத்து அனுப்புங்கள்.

ஜன்னல், கதவுப் பாதுகாப்பு. இம்பாக்ட் (மோதலைத் தாங்கும்) கண்ணாடி இருக்கலாம், அல்லது அனுமதி எண் உள்ள ஷட்டர் இருக்கலாம். ஆனால் கண்ணாடி உள்ள எல்லாத் திறப்புகளுக்கும் இருக்க வேண்டும். பதினைந்து ஜன்னலுக்குப் போட்டுவிட்டுக் குளியலறையின் சின்ன ஜன்னல் ஒன்றை விட்டால் முழுத் தள்ளுபடியும் போய்விடும். ஸ்கைலைட், கண்ணாடிப் பலகை உள்ள கராஜ் கதவு ஆகியவற்றையும் மறக்காதீர்கள். கராஜில் அடுக்கி வைத்திருக்கும் பழைய ஷட்டர் பலகைகளை விற்பவர் எடுத்துப் போகாமல் விட்டுச்செல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

கூரையின் மேல் பரப்பும் ஷிங்கிள் தகடுகளுக்கு அடியில் இரண்டாவது நீர்த்தடுப்பு ஒன்று ஒட்டியிருந்தால் அதற்கும் தள்ளுபடி. கூரை போட்ட கான்ட்ராக்டரின் பில்லும் வேலை நடந்தபோது எடுத்த படமும்தான் இதற்கு ஆதாரம். நீங்களே கூரை மாற்றும்போது அந்தப் படங்களைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

'மை சேஃப் புளோரிடா ஹோம்' என்ற மாநிலத் திட்டம் இந்தச் சோதனையை இலவசமாகச் செய்துதரும். தகுதி உள்ளவர்களுக்கு, நீங்கள் போடும் ஒரு டாலருக்கு இரண்டு டாலர் என்ற கணக்கில் 10,000 டாலர் வரை மானியமும் தரும். வீடு உங்கள் சொந்தக் குடியிருப்பாக, ஹோம்ஸ்டெட் (சொந்தக் குடியிருப்புக்கான வரிச்சலுகை) பதிவோடு இருக்க வேண்டும். வருமானம் குறைந்தவர்களுக்கு முன்னுரிமை. ஒதுக்கிய நிதி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. அனுமதி வருமுன் வேலையைத் தொடங்கினால் பணம் கிடைக்காது.

5. 4-பாயின்ட்டும் கூரையின் வயதும்

வீடு 20, 30 ஆண்டு தாண்டியிருந்தால் கூரை, மின்சாரம், குழாய், ஏசி நான்கையும் பார்த்து எழுதிய அறிக்கை கேட்பார்கள். விண்ட் மிட்டிகேஷன் விலையைக் குறைக்கும் தாள். காப்பீடு கிடைக்குமா கிடைக்காதா என்பதே இந்த 4-பாயின்ட்டில்தான் இருக்கிறது. ஃபெடரல் பசிஃபிக், ஜின்ஸ்கோ ஆகிய பெயர்கள் உள்ள மின்பெட்டி, பாலிபியூட்டிலீன் என்ற சாம்பல் நிறப் பிளாஸ்டிக் குழாய், அலுமினிய ஒயரிங் இவற்றில் ஏதாவது இருந்தால் பல நிறுவனங்கள் எடுக்காது. வீடு பார்க்கப் போகும்போதே மின்பெட்டியின் கதவைத் திறந்து பெயரைப் படம் பிடியுங்கள். மாற்றும் செலவை இன்ஸ்பெக்‌ஷன் காலத்துக்குள் விற்பவரிடம் பேசித் தீர்க்கலாம்.

கூரையின் வயது 15 ஆண்டுக்குக் குறைவு என்றால், வயதை மட்டும் காரணம் காட்டிக் காப்பீடு மறுக்கக் கூடாது என்பது 2022-ல் வந்த சட்டம். 15 ஆண்டு ஆகிவிட்டால் இன்ஸ்பெக்டரை வைத்து, இன்னும் ஐந்து ஆண்டாவது தாங்கும் என்று எழுதி வாங்கிக் காட்டலாம். சட்டம் அப்படிச் சொன்னாலும் பழைய கூரைக்கு விலை கூடத்தான் செய்யும். 13, 14 வயதுக் கூரை உள்ள வீட்டை வாங்குகிறீர்கள் என்றால், ஓரிரு ஆண்டில் கூரை மாற்றும் செலவு உங்கள் தலையில் என்று வைத்தே விலை பேசுங்கள்.

6. கோட்டில் எதைப் பார்க்க வேண்டும்

கீழே எழுதியிருக்கும் மொத்தத் தொகையை மட்டும் வைத்து இரண்டு கோட்டை ஒப்பிடாதீர்கள். குறைந்த விலைக் கோட்டில் பெரும்பாலும் ஏதோ ஒன்று கழற்றப்பட்டிருக்கும்.

'கவரேஜ் ஏ' என்பது வீட்டைத் திரும்பக் கட்ட ஆகும் செலவு. நீங்கள் கொடுத்த விலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. மனையின் விலை இதில் சேராது. வாங்கிய விலைக்கு இணையாக இருக்க வேண்டும் என்று ஏற்றிக் கேட்டால் வீண் செலவு. பிரீமியம் குறையட்டும் என்று இறக்கினால் ஆபத்து.

கூரைக்கு முழு மாற்றுச் செலவு தருவார்களா, அல்லது வயதுக்கு ஏற்பத் தேய்மானம் கழிக்கும் அட்டவணை இருக்கிறதா என்று கேளுங்கள். அட்டவணை இருந்தால் பிரீமியம் குறையும்; பத்து வயதுக் கூரை பறந்தபின் கிடைப்பதும் குறையும். 'ஆர்டினன்ஸ் அண்ட் லா' என்ற பகுதி, புது விதிப்படி கட்ட ஆகும் கூடுதல் செலவுக்கானது. 25 அல்லது 50 சதவீதம் என்று இருக்கும். 2002-க்கு முந்தைய வீட்டுக்கு 50 எடுப்பது நல்லது. நீச்சல் குளத்தைச் சுற்றிய வலைக்கூண்டு புயலில் போனால் பல பாலிசிகளில் வராது. பழைய குழாய் உள்ள வீட்டுக்குத் தண்ணீர்ச் சேதத்தை 10,000 டாலரோடு நிறுத்திவிடுவதும் உண்டு.

நகை விஷயம் நம் வீடுகளுக்கு முக்கியம். திருட்டுப் போகும் நகைக்கு வழக்கமான எச்ஓ-3 பாலிசி மொத்தமாகவே 1,500 டாலர் அளவுதான் தரும். ஒரு வளையலுக்குக்கூடப் போதாது. எடை, விலை மதிப்பீட்டோடு தனியாகப் பட்டியல் போட்டுச் சேர்க்கலாம், அல்லது வங்கி லாக்கரில் வைக்கலாம்.

7. ஹரிகேன் டிடக்டிபிள்: இந்த ஒன்றை மட்டும் இரண்டு முறை படியுங்கள்

டிடக்டிபிள் என்பது சேதத்தில் முதலில் நீங்களே ஏற்க வேண்டிய தொகை. மற்றச் சேதங்களுக்கு 1,000 அல்லது 2,500 டாலர் என்று ஒரு டிடக்டிபிள் இருக்கும். ஹரிகேனுக்கு வேறு டிடக்டிபிள். 500 டாலர், 2 சதவீதம், 5 சதவீதம், 10 சதவீதம் என்று தேர்வுகள் இருக்கும். இந்தச் சதவீதம் கவரேஜ் ஏ தொகையில் கணக்கிடுவது, சேதத்தின் மதிப்பில் அல்ல.

கவரேஜ் ஏ 4,00,000 டாலர் என்று வையுங்கள். 2 சதவீதம் என்றால் முதல் 8,000 டாலர் உங்கள் கைப்பணம். 5 சதவீதம் என்றால் 20,000. 10 சதவீதம் என்றால் 40,000. புயலில் கூரைச் சேதம் 25,000 டாலர் என்றால், முதல் தேர்வில் நிறுவனம் 17,000 தரும், இரண்டாவதில் 5,000 தரும், மூன்றாவதில் ஒன்றும் தராது. பிரீமியம் குறைகிறதே என்று 5 சதவீதத்துக்குப் போகிறவர்கள், அந்த 20,000 டாலரை எடுக்கக்கூடிய ஒரு சேமிப்பில் வைத்திருக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாதென்றால் 2 சதவீதமே சரி என்பது என் கருத்து. வீட்டுக் கடன் இருந்தால் 5-க்கு மேல் போகக் கடன் கொடுப்பவர் பெரும்பாலும் விடமாட்டார்.

தேசிய ஹரிகேன் மையம் புளோரிடாவின் ஏதாவது ஒரு பகுதிக்கு ஹரிகேன் வாட்ச் அல்லது வார்னிங் கொடுத்ததும் இந்த டிடக்டிபிளுக்கான நேரம் தொடங்கும். கடைசி எச்சரிக்கை நீங்கி 72 மணி நேரம் கழித்து முடியும். ஹரிகேன் அளவை எட்டாத புயல் என்றால் சாதாரண டிடக்டிபிள்தான்.

பலருக்குத் தெரியாத ஒன்று: ஒரே நிறுவனத்தில் இருக்கும்வரை இது ஒரு நாட்காட்டி ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே. 2024-ல் ஹெலீன் செப்டம்பர் 26-ல் கரையேறியது, மில்டன் அக்டோபர் 9-ல் வந்தது. முதல் புயலில் 3,000 டாலர் சேதம், டிடக்டிபிள் 8,000 என்றால் எதுவும் கிடைக்காது. ஆனால் அந்த 3,000 கணக்கில் ஏறும். இரண்டாவது புயலுக்கு மீதி 5,000 கழித்தால் போதும். அதற்கு முதல் சேதத்தை நிறுவனத்துக்குத் தெரிவித்து, பில்களையும் வைத்திருக்க வேண்டும். பணம் வரப்போவதில்லை என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

8. வெள்ளக் காப்பீடு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். கவுன்டி சொல்லும் ஏ, பி, சி, டி, ஈ என்பவை புயலில் வெளியேறுவதற்கான மண்டலங்கள். ஃபீமா (மத்திய அரசின் பேரிடர் அமைப்பு) வரைபடத்தில் இருக்கும் ஏஇ, விஇ, எக்ஸ் ஆகியவை வெள்ள மண்டலங்கள். கடன் கொடுப்பவர் பார்ப்பது இரண்டாவதை. ஃபீமா தளத்தில் முகவரி கொடுத்தால் இலவசமாகத் தெரியும். ஏ அல்லது வி-யில் தொடங்கும் மண்டலத்தில், மத்திய அரசு ஆதரவுள்ள கடனோடு வாங்கினால் வெள்ளக் காப்பீடு கட்டாயம். எக்ஸ் என்றால் கட்டாயம் இல்லை. வெள்ளம் வராது என்று அர்த்தமும் இல்லை. எக்ஸ் மண்டலத்திலும் எடுங்கள் என்றே நான் சொல்வேன். ஒரு அங்குலத் தண்ணீர் 25,000 டாலர் வரை சேதம் செய்யலாம் என்பது ஃபீமாவே சொல்லும் கணக்கு.

மத்திய அரசின் என்எஃப்ஐபி என்ற வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் கட்டடத்துக்கு 2,50,000 டாலர், பொருட்களுக்கு 1,00,000 டாலர் உச்ச வரம்பு. வெளியே தங்கும் செலவு இதில் கிடையாது. தனியார் வெள்ள பாலிசிகளில் வரம்பு அதிகம்; தங்கும் செலவும் சில தரும். இரண்டுக்கும் கோட் வாங்குங்கள், தனியார் என்றால் கடன் கொடுப்பவர் ஏற்பாரா என்று முதலில் கேளுங்கள்.

என்எஃப்ஐபி பாலிசி எடுத்தால் நடைமுறைக்கு வர 30 நாள். புயல் செய்தி பார்த்துவிட்டு எடுக்க முடியாது. வீட்டுக் கடனோடு சேர்த்து, குளோசிங்கின்போதே எடுத்தால் இந்தக் காத்திருப்பு இல்லை. ரொக்கமாக வாங்குபவர்கள் ஒரு மாதம் முன்னதாகவே தொடங்க வேண்டும்.

விற்பவரிடம் ஏற்கெனவே என்எஃப்ஐபி பாலிசி இருந்தால் அதை உங்கள் பேருக்கு மாற்றிக்கொள்ளலாம். 2021 அக்டோபரில் புது விலைமுறை வந்தபின், பழைய பாலிசிகள் பல இன்னும் முழு விலையை எட்டவில்லை. சொந்தக் குடியிருப்புக்கு ஆண்டுக்கு 18 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று வரம்பு உண்டு. பாலிசியை மாற்றி வாங்கினால் அந்தக் குறைந்த விலையிலிருந்தே தொடரலாம். இதை ஏஜென்ட் தாமாகச் சொல்லமாட்டார், நீங்கள் கேட்க வேண்டும்.

9. யாரும் எடுக்கவில்லை என்றால்: சிட்டிசன்ஸ்

2002-ல் மாநில அரசு உருவாக்கிய காப்பீட்டு நிறுவனம் சிட்டிசன்ஸ். கடைசிப் புகலிடமாக வைத்தது. தனியார் நிறுவனம் ஒன்று தரும் பிரீமியம், சிட்டிசன்ஸ் பிரீமியத்தைவிட 20 சதவீதத்துக்கு மேல் அதிகமாக இருந்தால்தான் இங்கே இடம். கவரேஜ் ஏ பெரும்பாலான கவுன்டிகளில் 7 லட்சம் டாலருக்குள் இருக்க வேண்டும். மயாமி-டேட்டிலும் மன்றோவிலும் 10 லட்சம்.

விலை குறைவாகத் தெரிந்தாலும் இரண்டு விஷயம் சேர்த்துப் பாருங்கள். காற்றுச் சேதமும் சேர்ந்த சிட்டிசன்ஸ் பாலிசிக்கு வெள்ளக் காப்பீடும் கட்டாயமாகிவருகிறது. கவரேஜ் ஏ 4 லட்சம் டாலருக்கு மேல் என்றால் 2026 முதல், அதற்கும் கீழே என்றால் 2027 ஜனவரி முதல் வெள்ள மண்டலம் எதுவாக இருந்தாலும் வேண்டும். அடுத்து, ஏதாவது ஒரு தனியார் நிறுவனம் உங்கள் பாலிசியை எடுத்துக்கொள்வதாகக் கடிதம் வரலாம். அதைப் பிரிக்காமல் வைத்தால் நீங்கள் சம்மதித்ததாகக் கொண்டு மாற்றிவிடுவார்கள்.

10. குளோசிங்கும் எஸ்க்ரோவும்

முதல் ஆண்டுப் பிரீமியம் முழுவதையும் குளோசிங்கிலோ அதற்கு முன்போ கட்ட வேண்டும். அதற்கு மேல் அடுத்த ஆண்டுக்காகச் சில மாதத் தொகையை எஸ்க்ரோவில் (வரி, காப்பீட்டுக்காகக் கடன் நிறுவனம் பணம் பிடித்து வைக்கும் கணக்கு) போடச் சொல்வார்கள். வீட்டுக் காப்பீடு 4,800, வெள்ளம் 900 என்றால் 5,700 டாலரும் எஸ்க்ரோத் தொகையும், முன்பணத்தைத் தவிரத் தனியாகக் கையில் இருக்க வேண்டும்.

இரண்டாம் ஆண்டுதான் பலருக்கு அதிர்ச்சி. பிரீமியம் 4,800-லிருந்து 6,000 ஆனால் மாதம் 100 டாலர்தானே கூடும் என்று தோன்றும். எஸ்க்ரோவில் விழுந்த 1,200 டாலர் பற்றாக்குறையையும் 12 மாதத்தில் பிரித்து வாங்குவார்கள். ஆக மாதம் 200 கூடும். பற்றாக்குறையை மொத்தமாகக் கட்டிவிட்டால் 100-தான்.

உங்கள் கடனை வேறு நிறுவனத்துக்கு விற்றுவிட்டதாகக் கடிதம் வந்தால், அன்றே காப்பீட்டு ஏஜென்ட்டிடம் சொல்லிப் புதுப் பெயரையும் கடன் எண்ணையும் பாலிசியில் ஏற்றுங்கள். இல்லையென்றால் பில் பழைய இடத்துக்குப் போகும், பாலிசி காலாவதியாகும், கடன் நிறுவனம் தானாக ஒரு காப்பீட்டை உங்கள் செலவில் எடுத்துவிடும். அது விலையும் அதிகம், பாதுகாக்கப்படுவதும் அவர்கள் கடன் மட்டுமே.

11. ஒவ்வொரு ஆண்டும், ஊருக்குப் போகும்போதும்

புதுப்பிக்கும் விலை 45 நாள் முன்னதாகவும், புதுப்பிக்கவே மாட்டோம் என்றால் 120 நாள் முன்னதாகவும் எழுத்தில் தர வேண்டும். 45 நாள் கடிதம் வந்ததும் மற்ற நிறுவனங்களின் கோட் எடுக்கத் தொடங்குங்கள்.

நாம் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையில் ஊருக்குப் போவது சரியாக ஹரிகேன் பருவத்தில். கிளம்பும்போது தெருப்பக்க வால்வில் தண்ணீரை மூடுங்கள். பல நாள் கசிந்த சேதத்தைப் பாலிசி ஏற்காது. எத்தனை நாள் ஆளில்லாமல் இருக்கலாம் என்று பாலிசியில் பாருங்கள். வாரம் ஒருமுறை வந்து பார்க்கவும், புயல் வந்தால் ஷட்டர் போடவும் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். வீட்டின் ஒவ்வொரு அறையையும், அலமாரிக் கதவுகளைத் திறந்து வீடியோ எடுத்து இணையத்தில் சேமித்துவிடுங்கள்.

12. சேதம் வந்துவிட்டால்

சேதம் நடந்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் கிளெய்ம் தெரிவிக்க வேண்டும். விடுபட்டதைச் சேர்க்க 18 மாதம். ஆனால் அன்றே சொல்வது நல்லது. நீங்கள் சொன்ன 7 நாளுக்குள் நிறுவனம் பதில் தர வேண்டும், 60 நாளுக்குள் பணம் தரவோ மறுக்கவோ வேண்டும். படம் எடுத்தபின் கூரைக்குத் தார்ப்பாய் போடுங்கள், பில் வையுங்கள். நிரந்தர வேலையை, அவர்களின் ஆள் வந்து பார்க்கும்வரை தொடங்காதீர்கள்.

புயலுக்கு மறுநாள் வாசலில் வந்து நிற்கும் கான்ட்ராக்டர், "டிடக்டிபிளை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்றால் அனுப்பிவிடுங்கள். அது சட்டப்படி குற்றம். உங்கள் தரப்பில் பேசப் பப்ளிக் அட்ஜஸ்டர் வைத்தால், அறிவிக்கப்பட்ட பேரிடர்க் கிளெய்முக்கு முதல் ஆண்டில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டணம் வாங்கக் கூடாது. அதற்கு முன், மாநில நிதிச் சேவைத் துறையின் மத்தியஸ்தத்தைக் கேளுங்கள். அதற்கான கட்டணத்தை நீங்கள் கட்ட வேண்டாம், காப்பீட்டு நிறுவனம் கட்டும்.